மயில் நிற்காது, ட்ரைபாட் நகராது!

2020 பிப்ரவரியில் நெய்வேலியில் எடுக்கப்பட்ட ஒரு போட்டோவைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. 'மாஸ்டர்' படப்பிடிப்புக்கு வந்திருந்த நடிகர் விஜய், வெளியே திரண்டிருந்த ரசிகர்களுக்காக ஒரு வாகனத்தின் மேல் ஏறி நின்று, மொத்தக் கூட்டத்தையும் பின்னால் வைத்து எடுத்த செல்ஃபி அது. அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் செய்யப்பட்டது அதுதான் என்று ட்விட்டரே அறிவித்தது. முன்னால் இருந்த அத்தனை பேரும் அசைந்துகொண்டே இருந்தார்கள். போனைப் பிடித்திருந்ததோ ஒரே ஒரு கை. அங்கே யாராவது ட்ரைபாடை விரித்து, கால்களைத் திருகிக்கொண்டிருந்தால் அந்த நிமிஷம் போயிருக்கும்.

ஆனாலும் கேமரா வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் முதல் அட்வைஸ், "ட்ரைபாட் வாங்கிடு, படம் ஆடவே ஆடாது" என்பதுதான். இது பாதி உண்மை. ட்ரைபாட் நிறுத்துவது எடுப்பவரின் கை நடுக்கத்தை. எதிரே ஓடுகிற குழந்தையை அதனால் நிறுத்த முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. நெய்வேலி டவுன்ஷிப்பின் மரங்கள் அடர்ந்த பிளாக் சாலையில் ஒரு பையன் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டிப் போகிறான். ஒரு விநாடிக்கு நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கேமராவின் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் அவன் சுமார் 7 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான். முகம் இழுபட்டுப்போகும். கேமராவைக் கான்கிரீட்டில் பதித்து வைத்தாலும் அப்படித்தான். 1/1000 விநாடி என்று வைத்தால் நகர்வு 4 மில்லிமீட்டர்தான். இந்த வேகத்தில் கை லேசாக நடுங்கினாலும் படத்தில் தெரியாது. அப்புறம் ட்ரைபாட் எதற்கு?

போனில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். பிறந்தநாள் கேக் வெட்டும்போது நைட் மோடில் எடுத்தால் கேக் பளிச்சென்று இருக்கும், குழந்தை மட்டும் ஆவி மாதிரி கலங்கித் தெரியும். நைட் மோட் ஒரே நொடியில் 'க்ளிக்' செய்வதில்லை. சில விநாடிகளுக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. அதற்குள் குழந்தை எங்கேயோ போய்விடுகிறது. போனுக்குள் இருக்கும் 'ஸ்டெபிலைசேஷன்' வசதியும் கை நடுக்கத்துக்கு மட்டும்தான் மருந்து. நைட் மோடை அணைத்துவிட்டு, இன்னொரு டியூப் லைட்டைப் போடுவது எந்த ஸ்டாண்டையும்விட அதிகம் உதவும்.

டவுன்ஷிப்பில் இதற்குப் பெரிய பரீட்சை வைப்பவை மயில்கள். காம்பவுண்ட் சுவரில் அமர்ந்திருக்கும். கேமராவை எடுக்கும் வரை பொறுமையாகவும் இருக்கும். ட்ரைபாடின் மூன்றாவது காலை நீட்டும்போது சரியாக மரத்துக்குத் தாவிவிடும். பறக்கிற மயிலுக்கு 1/1000 அல்லது 1/2000 வேண்டும், கையும் அதோடு சேர்ந்து திரும்ப வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வது, பக்கத்து மரத்தில் தோளைச் சாய்ப்பது, அழுத்தும்போது மூச்சைப் பிடிப்பது... செலவில்லாத ட்ரைபாட் இதுதான். 200 எம்.எம். லென்ஸ் என்றால் குறைந்தது 1/200 என்ற பழைய கணக்கும் கை நடுக்கத்துக்குத்தான். பறவை நகர்வதற்கு அதைவிட வேகம் தேவை.

தமிழ்நாட்டில் இதை வாழ்ந்து காட்டியவர் மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த இயற்கையியலாளர். ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் தானே பொருத்தி உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தே போனார், யானை மேல் ஏறியும் போனார். யானை முதுகில் ட்ரைபாடுக்கு ஏது இடம்? அவரது கறுப்பு வெள்ளை யானைப் படங்களைப் பார்க்கும்போது, எடுத்தவரின் காலடியும் அசைந்துகொண்டிருந்திருக்கும் என்ற நினைப்பே வராது.

இதற்காக ட்ரைபாடைப் பரணில் போட வேண்டாம். நெய்வேலியிலேயே அதற்கு வேலை இருக்கிறது. சுரங்கத்தில் இரவும் பகலும் சுழலும் 'பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்', ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும் அளவுக்குப் பெரிய இயந்திரம். (அனுமதி இல்லாமல் கேமராவோடு உள்ளே போக முடியாது என்பதை மறக்க வேண்டாம்.) அதை 1/1000 விநாடியில் எடுத்தால் ரிப்பேராகி நிற்கும் வண்டி போலிருக்கும். இரவில் ட்ரைபாடில் வைத்து, ஷட்டரை இரண்டு விநாடி திறந்தால், உடல் கல் மாதிரி நிற்க, சக்கரம் மட்டும் சுழன்று கலங்கும். அப்போதுதான் அது வேலை செய்வது தெரியும். ஆர்ச் கேட் வழியாகப் போகும் பஸ்களின் விளக்குகள் கோடுகளாக வேண்டுமென்றாலும் இதே வழிதான். எது நிற்க வேண்டும், எது ஓட வேண்டும் என்று எடுப்பவர் முதலில் முடிவு செய்துவிட்டால், கருவி தானாக முடிவாகிவிடும்.

வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரக் கூட்டத்தில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். காவடி எடுத்து ஆடி வருபவர், கீழே விரிந்திருக்கும் மூன்று கால்களைப் பார்த்து வர மாட்டார்.

கையில் கேமரா, படத்தில் ஓட்டம், இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு 'பேனிங்' இருக்கிறது. ஷட்டரை 1/30-க்கு இறக்கி, சைக்கிள் பையனோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே அழுத்த வேண்டும். பையன் தெளிவாக இருப்பான், பின்னாலிருக்கும் வேப்பமரங்கள் பச்சைக் கோடுகளாக ஓடும். பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

அந்த ஒன்றுக்காக மெனக்கெட இந்த ஊரில் காரணம் உண்டு. 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து இங்கே பெரும்பாலானோர் வாழ்வது குவார்ட்டர்ஸ்களில். அப்பாவுக்கு 60 வயதில் ஓய்வு என்றால், வீட்டையும் சாவியையும் திருப்பித் தர வேண்டும். முருங்கை மரம், திண்ணை, பிள்ளைகள் சைக்கிள் பழகிய தெரு எல்லாம் அடுத்த குடும்பத்துக்கு. பல ஆல்பங்களில் மிஞ்சுவது, அந்த வீட்டு வாசலில் எல்லோரும் வரிசையாக விறைத்து நிற்கும் குரூப் போட்டோ ஒன்றுதான். செல்ஃப் டைமர், ட்ரைபாட், "யாரும் அசையாதீங்க!" அதுவும் இருக்கட்டும். ஆனால் அம்மா அந்த வீட்டில் அப்படி நின்றதே இல்லையே. கொடியில் துணியை உதறிப் போட்டபடி, மயிலை விரட்டியபடி, பள்ளி வேன் பின்னால் டிபன் பாக்ஸோடு ஓடியபடிதானே இருந்தார்?

சாமான் ஏற்றிய லாரி கிளம்பும் நாள் வரை அந்தப் படங்களுக்கு நேரமிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் 1/500 போதும். ட்ரைபாட் எப்படியும் லாரியில் அடியில் கிடக்கும்.