வீடு யாருடையது?

அமெரிக்காவில் வாழும் என் தம்பி, குடியிருக்கும் வீட்டை வரையறுத்த பொறுப்புக் கம்பெனி ஒன்றின் பெயருக்கு மாற்றிவிட்டதாகப் பெருமிதத்துடன் எழுதியிருந்தான். வழக்கு வந்தால் அது அரணாகுமாம். 1977இல் வயோமிங் மாநிலச் சட்டத்தில் தோன்றிய ஏற்பாடு அது.

"தீக்காப்பீடு யார் பெயரில்?" என்று கேட்டெழுதினேன். "என் பெயரில்தான்" என்றான்.

அயர்லாந்தின் மெக்காரா என் நினைவுக்கு வந்தார். தம் பண்ணை மரங்களைத் தம் கம்பெனிக்கே விற்றவர். பங்குகள் யாவும் அவருடையவையே. ஆயினும் காப்பீடு அவர் பெயரில் இருந்தது. மரங்களைத் தீ விழுங்கியது. 1925இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: மரம் கம்பெனியுடையது, பங்குதாரருக்கு அதில் உரிமையில்லை, இழப்பீடும் இல்லை.

கடன்காரனைத் தடுக்கும் சுவர் உடையவனையும் வெளியே நிறுத்தும் என்பதை அவனுக்கு விளக்கினேன்.

அடுத்த கடிதத்தில், "காக்கா, காப்பீட்டைத் திருத்திவிட்டேன். உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரை எழுதுகையில் கை நடுங்கியது" என்றிருந்தான்.