முடிவு மட்டும் எழுதிய ரெக்கார்டு நோட்டு

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை)



'ரெக்கார்டு நோட்டு' என்று சொன்னதுமே உங்கள் முகம் போகும் போக்கு எனக்குத் தெரிகிறது. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு... லேபில் அரை மணி நேரம் செய்ததை ராத்திரி மூன்று மணி நேரம் எழுதுகிற கொடுமை! அதைத் திட்டாத டிப்ளமோ மாணவன் இன்னும் பிறக்கவில்லை. நானும் திட்டியவன்தான். அப்படிப்பட்ட நானே சொந்தக் காசில் ஒரு ரெக்கார்டு நோட்டு வாங்கி, யாரும் கேட்காமலே எழுத ஆரம்பித்த கதை இது. அதுவும் பாடத்துக்காக அல்ல, விளையாட்டுக்காக!

எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரு பழைய கணிப்பொறி உண்டு. புது கேம் எதையும் அது தாங்காது. ஆனால் 'டூம்' ஜோராக ஓடும். அமெரிக்காவில் ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது. நம்மில் யாருமே பிறப்பதற்கு முன்னால் வந்தது. இன்றைக்கும் அதற்குப் புதுப்புது வரைபடங்கள் செய்து கொண்டிருக்கிறார்கள். எப்படி?

காரணம் அதன் அமைப்பு. எஞ்சின் தனி, சரக்கு தனி. சுவர், படம், சத்தம், பேய் எல்லாம் 'வாட்' என்ற ஒரே கோப்புக்குள் இருக்கும். முதலில் 12 பைட்டில் ஒரு தலைப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 16 பைட்டில் ஒரு குறிப்பு: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு, பெயர் என்ன. பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான்! இது தெரிந்தால் நம்முடைய சரக்கை நாமே செய்து போட்டுக் கொள்ளலாம். இதற்குத்தான் 'மோட்' என்று பெயர். "இதனால் என்ன பிரயோசனம்?" என்கிறீர்களா? நம் பசங்க விடிய விடிய ஆடுகிற 'கவுண்டர் ஸ்ட்ரைக்' இருக்கிறதே, அது 1999-ல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டுக்குச் செய்த ஒரு மோடாகத்தான் பிறந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர். கும்பகோணம் பக்கம். அவர் செய்து கொண்டிருந்த வரைபடம் ஒரு அரிசி ஆலை. அவருடைய அப்பா இருபது வருஷம் மூட்டை தூக்கிய ஆலை அது. இப்போது இடித்துவிட்டார்களாம். நெல் காயப்போடும் களம், அவியல் தொட்டி, புகைபோக்கி என்று எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்தே கட்டியிருந்தார். ஆலையில் இல்லாத ஒன்றே ஒன்றைச் சேர்த்திருந்தார். கீழேயிருந்து மேல்தளத்துக்கு மூட்டை ஏற்றும் ஒரு லிஃப்ட்.

"ஏண்ணே, அங்க லிஃப்ட் இருந்துச்சா?"

"இல்லடா தம்பி. விளையாட்டுலயாவது எங்கப்பா தூக்காம இருக்கட்டுமே."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் மோட் கோஷ்டிக்கு ஒரு அரட்டை சர்வர் இருந்தது. மொத்தம் 63 பேர். சந்தேகம் கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் பதில் வரும். நடுராத்திரி ஒரு மணிக்குக்கூட யாராவது முழித்திருப்பார்கள். பழைய காலம் மாதிரி ஒரு பதிலுக்கு ரெண்டு நாள் காத்திருக்க வேண்டாம். இதைவிட வசதி என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் பாஸ் அவுட் ஆகி ஓசூர் பக்கம் வேலைக்குப் போனார். அவரோடு சேர்ந்து போனவர்கள் பலர். 63 பேரில் வாய் திறப்பவர்கள் மூன்று பேர் ஆனார்கள். அதிலும் ஒருவன் 'குட் மார்னிங்' படம் மட்டும்தான் போடுவான்!

இந்த வருஷம் அந்த ஆலையை முடித்துத் துறைக் கண்காட்சியில் வைக்கலாம் என்று எடுத்தேன். லிஃப்டில் ஏறினேன். மேலே நிற்கும்போது எல்லாம் சரி. கீழே இறங்கினால் எதிர்ச் சுவர் காணோம்! அந்த இடத்தில் படம் கலங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துக்கொண்டு, ஆயிரம் கண்ணாடி வைத்த அறை மாதிரி ஆடுகிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே கோளாறு போன வருஷமும் வந்தது. அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, லேபில் உட்கார்ந்து நான்தான் சரி செய்தேன். அந்தக் கோப்பு லேப் மெஷினில் இருந்தது. செமஸ்டர் லீவில் மெஷினை ஃபார்மேட் செய்தபோது அதுவும் போயிற்று. பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு. சர்வரில் மிஞ்சியது கோளாறோடு இருந்த பழைய கோப்பு மட்டுமே.

சரி, என்ன செய்தோம் என்று சர்வரில் இருக்குமே? தேடினேன். ஒரு மணி நேரம் மேலே மேலே போனேன். கிடைத்தது! நானே போட்ட படம், அதே கலங்கிய சுவர். "அண்ணே, இது ஏன்?" என்று என் கேள்வி. அதற்குக் கீழே "போன் பண்ணு" என்று அவர். அதற்கும் கீழே நான்:

"சரியாயிடுச்சு அண்ணே!!! சூப்பர்!!!" நாலு இதயம் வேறு.

அவ்வளவுதான் நண்பர்களே. நோக்கம் இல்லை, செய்முறை இல்லை, வெறும் 'முடிவு' மட்டும் எழுதிய ரெக்கார்டு நோட்டு! அதை எழுதிய புண்ணியவான் அடியேனேதான். யாரைப் போய்த் திட்டுவது?

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். நைட் ஷிப்ட். கம்பெனிக்குள் போன் கொண்டு போக முடியாதாம். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: "தம்பி, எனக்கே மறந்துபோச்சுடா."

அந்த ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. சொன்னவருக்கும் மறந்துவிட்டது, கேட்டவனுக்கும் மறந்துவிட்டது. அப்பாவுக்காக அவர் வைத்த லிஃப்ட் இடையில் நிற்கிறது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? 1994-ல் மேட் ஃபெல் என்பவர் எழுதிய 'அனஃபிஷியல் டூம் ஸ்பெக்ஸ்' என்ற குறிப்பு. கலர் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்துக் கோப்பு. நிறுவனம் 1997-ல்தான் மூல நிரலையே வெளியிட்டது. அதற்கு முன்னாலேயே, கோப்பின் ஒவ்வொரு பைட்டும் என்ன செய்கிறது என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்று படங்கள் உண்டு, எது எப்போது தேவை என்று அதில் இருந்தது. படித்ததும் பொறி தட்டியது!

லிஃப்ட் மேலே நிற்கும்போது அதன் தரையும் மேல்தளத்துத் தரையும் ஒரே மட்டம். நடுவில் சுவரே கிடையாது. அதனால் எடிட்டரும் அங்கே படம் கேட்கவில்லை. லிஃப்ட் இறங்கிய பிறகுதான் அங்கே சுவர் பிறக்கிறது. லிஃப்டைப் பார்த்த பக்கத்தின் 'கீழ்' படத்தை நாம் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். போட்டேன். ரெண்டு நிமிஷ வேலை!

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஏட்டுச் சுரைக்காய் எனக்குக் கறியானது. நான் ஒரு வருஷத்துக்கு முன் போட்ட நாலு இதயம் ஒரு கவளத்துக்கும் உதவவில்லை.

மறுநாளே ரெக்கார்டு நோட்டு வாங்கினேன். ஒரே ஒரு சட்டம்: சர்வரில் சந்தேகம் கேட்டு யாருக்குப் பதில் கிடைக்கிறதோ, அவர்தான் எழுத வேண்டும். பதில் சொன்னவர் எழுத வேண்டாம். சொன்னவருக்கு எல்லாம் சுலபமாகத் தெரியும், பாதியை விட்டுவிடுவார். தவித்தவனுக்குத்தான் எங்கே தவித்தோம் என்று தெரியும். அந்தப் பக்கங்களை எழுத்துக் கோப்பாகவும் அடித்து மூன்று இடத்தில் பிரதி வைக்கிறோம்.

முதல் மாதம் என்னைத் தவிர ஒருவரும் எழுதவில்லை. "வாத்தியார் வந்துட்டாருடா" என்று கிண்டல் வேறு. பிறகு முதலாம் ஆண்டு இ.சி.இ. தங்கை ஒருத்தி, கதவு ஏன் திறந்ததும் மூடிக்கொள்கிறது என்று நாலு பக்கம் எழுதினாள், படத்தோடு! அதைப் பார்த்து மூன்று பையன்கள் எழுதினார்கள். இப்போது நோட்டில் 27 பக்கம். சர்வரில் பழையபடி சத்தம் கேட்கிறது. அரட்டையை நாங்கள் விடவில்லை, விடவும் வேண்டாம். அரட்டையில் சொன்ன பதில் அந்த ராத்திரி முழித்திருப்பவனுக்கு. எழுதி வைத்த பதில் இன்னும் இந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காதவனுக்கு.

கண்காட்சி முடிந்து, ஆலை ஓடுவதை வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். இந்த முறை ரெண்டே நாளில் குரல் வந்தது:

"அப்பாகிட்ட காட்டினேன்டா தம்பி. ரெண்டு தடவை பார்த்தாரு. 'இந்த மெஷின் அப்ப இல்லையேடா'ன்னாரு."

நண்பர்களே, நோட்டு ஹாஸ்டல் 14-ஆம் அறை ஜன்னல் மேடையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பேனாவை மட்டும் தயவுசெய்து திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்த ஜூனியருக்கு வேண்டும்!