ட்ரிக்ஸிக்கு ஒரு சஹன்

எங்கள் ஊரில் ஒருவர் நாலு பேருக்குச் சோறு ஆக்கினால், என்னத்துக்கு என்று ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். கலியாணமா, சுன்னத்தா, கத்தமா, கந்தூரியா, யாரும் ஹஜ்ஜுக்குப் போகிறார்களா? 2025 ஆகஸ்ட் 16ஆம் திகதி சனிக்கிழமை வாசிகசாலை மண்டபத்தில் நான் நான்கு சஹன் வைத்தபோது இவற்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. "புதுசா ஒரு மென்பொருள் வெளிவந்திரிக்கி, அதுக்குத்தான்" என்றேன். பக்கத்து வீட்டுக் காக்கா சற்று யோசித்துவிட்டு, "சேருக்கு ஏஜென்சி கிடைச்சிட்டுதாக்கும்" என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

அந்த மென்பொருளின் பெயர் டெபியன். விண்டோஸ் செய்கிற வேலையைச் செய்வது. 1993 ஆகஸ்ட் 16இல் இயன் மர்டொக் என்ற அமெரிக்க மாணவர் இதைத் தொடங்கினார். டெப்ரா என்ற தன் காதலியின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து டெபியன் ஆக்கினார். (இந்த இடத்தில் என் மாணவர்கள் எப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.) இயன் 2015இல் காலமானார். அவர் தொடங்கியதை உலகெங்கும் பரந்திருக்கும் தொண்டர்கள் நடத்திவருகிறார்கள். அதன் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி வந்தது. பதிப்புகளுக்கு டோய் ஸ்டோரி படத்தில் வரும் பொம்மைகளின் பெயரைச் சூட்டுவது அவர்கள் வழக்கம். இதற்கு ட்ரிக்ஸி, நீல நிற டைனோசர்.

புதுப் பதிப்பு வந்தால் அங்கங்கே இருப்பவர்கள் கூடிக் கொண்டாடுவதும் அவர்கள் வழக்கம்தான். யாரும் அனுமதி தருவதில்லை, காசும் தருவதில்லை. இரண்டு பேர் கூடினாலும் விருந்துதான். மேலை நாடுகளில் பியர்க் கடைகளில் கூடுவதுண்டு. நமக்குச் சஹனும் பிளேன்டீயும் போதும்.

இந்த ஆசை எனக்கு நேற்று வந்ததல்ல. 2007இல் நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது தபாலில் ஒரு பொதி வந்தது. உள்ளே உபுண்டு இறுவட்டுக்கள். டெபியனை அடித்தளமாகக் கொண்டு செய்யப்பட்டது உபுண்டு. கேட்டு எழுதினால் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக அனுப்பினார்கள், தபாற் செலவும் அவர்களுடையதே. 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். விடுதியில் அன்று ஒருவரும் நம்பவில்லை. "சும்மா தாறதெண்டா உள்ளுக்கு என்னமோ இரிக்கி" என்றார் ஒரு நண்பர்.

ஆனால் 'சும்மா' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் எதையும் விளக்க முடியாது. இங்கே எல்லாமே சும்மாதான். விண்டோஸை யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. சந்தியில் இருக்கும் கம்பியூட்டர்க் கடைத் தம்பி பூட்டுடைத்த பிரதியைப் போட்டுக் கொடுப்பார், கூலி மட்டும் வாங்குவார். அவர் என் பழைய மாணவர். விருந்துக்கு அழைக்கப் போனபோது முகம் கொடுக்கவில்லை. "நீங்க ஊர் முழுக்க இதப் போட்டுக் குடுத்தா எங்கட வயித்துக்கு என்ன சேர் வழி?" என்றார். அது நியாயமான கேள்வி. பிறர் உழைப்பைக் களவாகப் பிரதியெடுப்பது கூடாது என்று அவரிடம் பயான் பண்ண எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

வெளியான அன்றிரவே பதிவிறக்கத் தொடங்கினேன், மூன்று ஜிபி அளவில் இருந்தது. இரவு டேட்டாவை நம்பித்தான் இந்த வேலையெல்லாம். இடையில் கரண்ட் போய்வந்து, சுபஹு பாங்கு சொல்லும்போது முடிந்தது.

விருந்துக்கு இருபத்துநான்கு பேர் வந்தார்கள், ஒரு சஹனுக்கு ஆறு பேர். மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் உள்ளறையில் வைத்தோம். சாப்பாட்டுக்கு முன்னர் இரண்டு கணினிகளில் டெபியனை நிறுவிக் காட்டினேன். நிறுவும்போதே தமிழைத் தெரிவுசெய்யலாம். திரையில் தமிழ் வந்ததும் ஓர் அமைதி. மூன்றாவதாக மாணவர்கள் தூக்கிவந்திருந்தது, பாடசாலை கழித்து வைத்திருந்த 32 பிட் இயந்திரம். அத்தகையவற்றில் 13ஆம் பதிப்பை நிறுவ முடியாது, அந்த ஆதரவை நிறுத்திவிட்டார்கள். "அப்ப இதுக்கு விருந்து இல்லியா சேர்?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்குப் பழைய 12ஆம் பதிப்பைப் போட்டோம். அந்தப் பதிப்புக்கு 2028 ஜூன் வரை திருத்தங்கள் வரும். அவனுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

நம் நாட்டில் யாரும் இப்படிச் செய்ததுண்டா என்று வாசிகசாலைத் தலைவர் கேட்டார். சஹானாவைப் பற்றிச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய மென்பொருள் அது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைப் பெற்றது. காணாமற்போனோர் பட்டியல் என்றதும், கடலோரத்தில் உறவுகளைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். சற்றுநேரம் கழித்து வந்து, "அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்று மட்டும் சொன்னார்.

கடைத் தம்பி பிந்தித்தான் வந்தார். என் சஹனில் இடமிருந்தது. பாதிச் சோறு முடிந்த பிறகுதான் வாய் திறந்தார். "இதப் போட்டுக் குடுத்துக் காசி வாங்கலாமா சேர்?"

"தாராளமா வாங்கலாம்."

"அவனுகள் ஒண்டும் சொல்ல மாட்டானுகளா?"

உரிமத்திலேயே அதற்கு இடமிருக்கிறது என்றேன். பிரதியெடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம். வாங்குபவருக்கும் அதே உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டார். விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிய இருந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11க்கு உரியவையாக மைக்ரோசொப்ட் ஏற்பதில்லை. அவரிடம் வருகிற இயந்திரங்களில் பாதிக்கு மேல் அந்த வகைதானாம். அந்த ஒக்டோபருக்குப் பிறகு ஏழு கணினிகளுக்கு டெபியன் போட்டிருக்கிறார். இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்து பழையதே வேண்டுமென்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அன்று பெரிய சச்சரவை எழுப்பியவர் எங்கள் பாடசாலை எழுதுவினைஞர். திரையில் 'கோப்பு' என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதென்ன கோப்பு? கந்தோரில நாங்க கோவை எண்டுதானே சொல்றம்" என்றார். உள்ளறையிலிருந்து தரம் 11 மாணவி ஒருத்தி, பாடப்புத்தகத்தில் கோப்பு என்றுதான் இருக்கிறது என்று குரல் கொடுத்தாள். இந்தச் சொற்களையும் யாரோ தொண்டர்கள்தான் தமிழாக்கினார்கள், பிழையென்று கண்டால் நாமும் எழுதி அனுப்பலாம் என்றேன். எழுதுவினைஞர் நம்பவில்லை. முப்பது வருடமாகச் சுற்றறிக்கைத் தமிழோடு போராடுகிறவர் அவர். "நாம சொன்னா மாத்துவாங்களா?"

"காரணம் சொன்னா யோசிப்பாங்க."

மறுவாரம் ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்புறத்தில் எட்டுச் சொற்களை எழுதிக்கொண்டு வந்தார். அதை அந்த மாணவியிடம் கொடுத்தேன். நான்கை ஏற்றுக்கொண்டாள். மற்ற நான்குக்கும் பக்கத்திலே சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதித் திருப்பித் தந்திருக்கிறாள். எழுதுவினைஞர் இன்னும் பதில் எழுதவில்லை.