டவுன்ஹால் ரோட்டுப் பாட்டுக்கடை

மதுரை டவுன்ஹால் ரோட்டில், செருப்புக்கடைக்கும் லாட்ஜ் மாடிப்படிக்கும் நடுவே ஆறடி அகலத்தில் இருந்தது அந்த ரெக்கார்டிங் சென்டர். 1994 செப்டம்பரில் 'காதலன்' படம் வந்தபிறகு அந்தப் பக்கம் கால்வைத்தாலே 'முக்காலா' பாட்டுதான். வாசல் ஸ்பீக்கர் அதிர்கிற அதிர்வில் கண்ணாடி அலமாரிக் கேசட்டுகள் கடகடவென்று நடுங்கும். உடம்பு மறைந்து, பிரபுதேவாவின் உடுப்பு மட்டும் ஆடுகிற இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு பையன்கள் நிற்பார்கள். நானும் அதற்காகவே மூன்று முறை படம் பார்த்தவன்.

கேசட்டில் பதிய வேண்டிய பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு அரைமணி. கடைக்கார அண்ணன் பாட்டுப் பாட்டாக நிமிஷம் கூட்டி, "இது பாதியில அறுந்துரும், அந்தப் பக்கம் போடுறேன்" என்பார். பாட்டு அறுவது அவருக்குப் பொறுக்காது.

அந்தத் தீபாவளிக்குக் 'கருத்தம்மா' படம் வந்தது. ஏ பக்கம் முதல் பாட்டு 'முக்காலா', பி பக்கம் கடைசி அந்தப் படத்தின் 'போறாளே பொன்னுத்தாயி' என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் தாளைப் பார்த்தார்.

"ரெண்டும் யார் பாடுனதுன்னு தெரியுமா தம்பி?"

விழித்தேன்.

"ஒரே பொண்ணு. சுவர்ணலதா."

ஹெட்போனை என் காதில் மாட்டி 'முக்காலா'வை ஓடவிட்டார். "தாளத்த விட்டுரு. அந்தப் பிள்ள குரல மட்டும் புடிச்சுக்கிட்டே போ."

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைக் கேட்டேன். ரஹ்மானின் தாளம் விரட்ட, மனோ துள்ளிக்கொண்டு வர, வாலியின் சொற்கள் பாதி பிடிபடாமல் ஓடின. அந்தக் குரல் மட்டும் பிடிபட்டது. காதல் தலைக்கேறி, ஊர் உலகம் மறந்துபோன ஒருத்தியின் குரல். ஆசையும் பதற்றமும் ஒரே மூச்சில் வந்தன. ஆட்டப்பாட்டுக்கு இவ்வளவு உயிரைக் கொடுக்கவேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 21 வயதில் அவர் கொடுத்திருந்தார். தேசிய விருது பொன்னுத்தாயிக்குக் கிடைத்தது. நியாயம்தான். 'முக்காலா'வுக்கும் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் சொல்வேன்.

2010 செப்டம்பரில், 37 வயதில் அவர் போய்விட்டார் என்ற செய்தி வந்த இரவு, பரணில் தேடி அந்தக் கேசட்டை எடுத்தேன். ஓட்டிக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பச்சை மையில் அண்ணனின் குண்டுக் கையெழுத்து. முதல் வரியிலும் கடைசி வரியிலும், மனோ பெயரைக்கூட விட்டுவிட்டு, சுவர்ணலதா என்று மட்டும் எழுதியிருந்தார்.