சூட்டின் ஏற்றத்தாழ்வு

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கிளியனூர் வட்டாரத்துச் செங்கல் சூளைகளைப் பார்த்தபோது என் கவனம் தீயைவிடத் தீயை ஆளும் கணக்கில்தான் நின்றது. மண்ணை மிதித்துப் பதமாக்கி, அச்சில் கல் அறுத்து, காய்ந்த பச்சைக் கல்லைச் சந்து விட்டு அடுக்கி, வெளியே மண் பூசித் தீ மூட்டுகிறார்கள். தீவாய்க்கு அருகில் உள்ள கல் உருகிக் கோணும், ஓரத்துக் கல் வேகாமல் நிற்கும், ஆறுமுன் பிரித்தால் வெடிக்கும். ஆகவே எவ்வளவு சூடு என்பதோடு அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே அவர்கள் பார்க்கிறார்கள். இன்றைய காந்த ஆய்வகத்தின் சிக்கலும் இதுவேதான் என்பது என் வாதம்.

செங்கல்லுக்குச் சிவப்பைத் தரும் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு ஓர் எதிர்ஃபெர்ரோ காந்தம். அதில் அணுக்களின் காந்தத் திசைகள் அடுக்குக்கு அடுக்கு எதிரெதிராக நிற்பதால் வெளியே காந்தம் ஏறக்குறையத் தெரிவதில்லை. சுமார் 680 டிகிரி செல்சியஸில் அந்த ஒழுங்கு கலையும். சூளையின் சூடு அதையும் தாண்டும். கல் ஆறும்போது ஒழுங்கு திரும்பும். இவ்வகைக் காந்தங்களை விளக்கி 1970இல் நோபல் பரிசு பெற்ற லூயி நீல், அவற்றால் பயன் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்றே தம் நோபல் உரையில் சொன்னார். பின்வந்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. இத்தகைய காந்தப் படலத்தின் ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிர்ந்தும் இருந்தால், மின்னூட்டம் நகராமலே எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி மட்டும் அலையாக ஓடும். மேலே பூசிய பிளாட்டினம் அதை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும். 2015இல் குரோமியம் ஆக்சைடிலும், 2016இல் வெறும் 30 நானோமீட்டர் தடிமனுள்ள மாங்கனீசு ஃபுளோரைடு படலத்திலும் இது அளக்கப்பட்டது. 2018இல் ஜெர்மனியின் மைன்ஸ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, ஹேமடைட் படிகத்தில் இவ்வோட்டம் பல பத்து மைக்ரோமீட்டர் தொலைவு செல்வதைக் காட்டியது.

எதிரெதிர்த் திசையில் நிற்கும் காந்தங்களின் தற்சுழற்சி அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடாவா என்று கேட்கலாம். அழிக்கும், அதனால்தான் அந்த முதல் இரு சோதனைகளிலும் வலுவான வெளிக்காந்தப் புலம் வேண்டியிருந்தது. கிடைப்பதும் மைக்ரோவோல்ட் அளவுதான், விளக்கு எரியாது. ஆனால் நோக்கம் மின் உற்பத்தி அல்ல. பக்கத்துக் கூறுகளைத் தொந்தரவு செய்யாமல் தகவலைச் சேமிப்பதும் கடத்துவதும். சூளைக்காரர் ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் பார்க்கிறார், ஆய்வாளர் அதை உண்டாக்குகிறார், இரண்டும் ஒன்றாகுமா என்பது இன்னும் கடுமையான கேள்வி. செயல் வேறுதான். செங்கல்லும் கருவி அல்ல; அதன் எண்ணற்ற துகள் எல்லைகளில் அவ்வோட்டம் செத்துவிடும். ஆனால் நானோமீட்டர் படலத்துக்குள் எவ்வளவு சூடு இறங்கியது, அடித்தளத்திலும் இணைப்பு முகங்களிலும் எவ்வளவு போயிற்று என்பதை நேரடியாக அளக்க இயலாமல் ஆய்வகமே திணறுகிறது. இருவருக்கும் தேவைப்படுவது சூட்டின் பாதையைக் கணிக்கும் திறன்.

அத்திறனைத் 'திறனற்ற கூலி வேலை' என்று எழுதிவைப்பது பிழை. திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் வெப்பப் பாடத்தில் ஒரு பகுதியைச் சூளையில் கற்கட்டும். கற்றுத்தரும் தொழிலாளிக்கு ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் கிடைக்கட்டும்.