ஆயிரம் ரூபாய், இரண்டு நாள், மதுரை

போன முறை கூட்டு வட்டியைப் பற்றி எழுதி நாலு பேரைத் தூங்க வைத்தேன். இந்த முறை அப்படி இல்லை. ஊர் சுற்றுவதைப் பற்றி எழுதப்போகிறேன். ஆனாலும் நடுவில் கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

நாங்கள் ஐந்து பேர். ஈரோட்டில் பி.காம் கடைசி வருஷம். பரீட்சை முடிந்தால் ஒருத்தி சென்னைக்கு, ஒருத்தி கோயமுத்தூருக்கு, ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு முறையாவது எல்லோரும் சேர்ந்து எங்காவது போய்வர வேண்டும் என்று பேச்சு. இதற்கு முன் இரண்டு முறை போனார்கள். ஒன்று மலைக்கு, ஒன்று பெரிய வாட்டர் பார்க்குக்கு. "போனார்கள்" என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு முறையும் நான் போகவில்லை. "என்னால வர முடியாதுடி" என்று மட்டும் சொன்னேன். காரணம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். மூவாயிரம் ரூபாய் என்பது எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகையில் பெரிய பங்கு. அவ்வளவுதான் காரணம்.

மூன்றாவது முறை பேச்சு வந்தபோது, "இந்தத் தடவை பிளான் நான் போடுறேன்" என்றேன். எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும்தான்.

முதலில் தொகை, பிறகு ஊர்

பொதுவாக நாம் என்ன செய்கிறோம்? ஊரை முடிவு செய்கிறோம், பார்க்கும் இடங்களை முடிவு செய்கிறோம், பிறகு கூட்டிப் பார்த்து "தலைக்கு இவ்வளவு" என்கிறோம். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு "எனக்குக் கட்டாது" என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வராது. "வீட்டில் விட மாட்டார்கள்" என்று சொல்வது சுலபம். பெண்பிள்ளைகள் சொன்னால் அதை எல்லோரும் உடனே நம்பியும் விடுகிறார்கள்.

நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் வாட்ஸ்அப் குழுவில், "தலைக்கு ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, இரண்டு நாள். இந்தத் தொகைக்குள் எந்த ஊர் வருமோ அந்த ஊர்" என்று போட்டேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'லிமிட்டிங் ஃபேக்டர்' என்று படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? எது தட்டுப்பாடாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும், அதன் ஒரு யூனிட்டுக்கு எது அதிக பலன் தருகிறதோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்வி. வாழ்க்கையில் அது உபயோகப்பட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

அப்படிப் பார்த்தால் மதுரையை விட்டால் வேறு ஊர் இல்லை. காரணங்கள்:

1) சித்தி வீடு அங்கே இருக்கிறது. தங்கும் செலவு இல்லை. அதைவிட முக்கியம், "சித்தி வீட்டில் தங்குகிறோம்" என்றால் ஐந்து வீட்டிலும் அனுமதி கிடைக்கும்.

2) தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஐந்து பேரும் பெண்கள். ஊருக்குள் சுற்றும் செலவில் பெரும்பகுதி போயிற்று.

3) மியூசியம் மாதிரி மலிவான பொழுதுபோக்கு உலகத்திலேயே இல்லை. ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் காசுக்குள் மதுரையில் பார்க்க வேண்டிய எல்லா மியூசியத்தையும் பார்த்துவிடலாம். காந்தி மியூசியத்தில் நுழைவே இலவசம்.

4) சாப்பாடு. மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் ஊரில் நல்ல சாப்பாடு இருப்பதே தள்ளுவண்டியிலும் சின்னக் கடையிலும்தான் என்பது என் கருத்து.

கணக்கு

தலைக்கு:

போக ரயில், வர பஸ் – 300
ஆட்டோ (பஸ் கிடைக்காத நேரத்துக்கு) – 80
நுழைவுக் கட்டணங்கள் – 70
சாப்பாடு – 350
சித்தி வீட்டுக்கு வாங்கிப் போக – 100
கைவசம் – 100
மொத்தம் – 1,000

சித்தி வீட்டுக்கு என்று ஐநூறு ரூபாய் ஒதுக்கியதில் ஒருத்திக்கு ஆட்சேபணை. "சொந்தக்காரங்கதானே" என்றாள். ஐந்து பேர் இரண்டு ராத்திரி தங்கி, குளித்து, காலையில் இட்லி தின்றுவிட்டுப் போனால் அது இலவசம் இல்லை, செலவை சித்தி ஏற்றுக்கொள்கிறாள் என்றுதான் அர்த்தம். நம் புத்தகத்தில் வராத செலவு வேறு யாரோ ஒருவர் புத்தகத்தில் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து போகிறோம், மஞ்சளும் ஒரு பெட்ஷீட்டும் வாங்கிப் போவதாக முடிவு. பெட்ஷீட் அப்பா கடையில் வாங்கினால் கொஞ்சம் குறையும்.

சாப்பாட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்தோம். தலைக்கு 350, மொத்தம் 1,750 ரூபாய், முதலிலேயே ஒருத்தியிடம் கொடுத்துவிடுவது. எதைச் சாப்பிட்டாலும் அதிலிருந்துதான். ஏன் என்றால், ஹோட்டலில் பில் வந்த பிறகு ஐந்தாகப் பிரிப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். ஒருத்தி பிரியாணி சாப்பிட்டிருப்பாள், ஒருத்தி ரெண்டு இட்லியோடு "பசிக்கலை" என்று உட்கார்ந்திருப்பாள், பில் மட்டும் சமமாக வரும். பசிக்காதது வயிற்றாலா, பர்ஸாலா என்று யாருக்குத் தெரியும்? பொதுப் பணமாக இருந்தால் மெனு கார்டில் யாரும் வலது பக்கத்தை முதலில் பார்க்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை

வெள்ளி இரவுக்குள் கரூர், திண்டுக்கல் வழியாக ரயிலில் மதுரை போய்ச் சேருவது. மியூசியங்களுக்கு வார விடுமுறை ஆளுக்கொரு நாளில் வரும், சனி ஞாயிறு போனால் அந்தத் தொல்லை இல்லை. கூட்டம் இருக்கும், இருக்கட்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மீனாட்சி அம்மன் கோயில். 2018 பிப்ரவரியில் அங்கே தீ விபத்து நடந்த பிறகு செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். செல்ஃபி ராணிகள் மனதைத் தேற்றிக்கொள்ளவும். உள்ளே ஆயிரங்கால் மண்டபமே ஒரு மியூசியம்தான். எண்ணிப் பார்த்தால் 985 தூண்கள். மீதி பதினைந்தை யார் கணக்கில் எழுதுவது என்று ஆடிட்டர் கேட்டால் பதில் இல்லை :-)

மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் முடித்துவிட்டு மேலமாசி வீதிக்கு நடை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையை விட்டுவிட்டு இடுப்பில் ஒரு முழத்துணிக்கு மாறியது இந்தத் தெருவில் தங்கியிருந்த வீட்டில்தான். மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் பார்த்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்கிறார். அவர்களோ "கதர் விலை அதிகம், எங்களுக்குக் கட்டாது" என்கிறார்கள். அந்தப் பதில்தான் தன்னை யோசிக்க வைத்தது என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது தியாகம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது யோசித்தால், "எனக்குக் கட்டாது" என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்ட கதையாகத்தான் எனக்குப் படுகிறது.

மதியச் சாப்பாட்டுக்குக் கறி தோசை. மாவு, அதற்கு மேல் முட்டை, அதற்கு மேல் மசாலாவோடு வெந்த கறி என்று தடிமனாக வரும். விலையும் தடிமன்தான். ஐந்து பேருக்கு இரண்டு வாங்கிப் பங்கு போட்டு, வயிறு நிறைய இட்லி. எங்களில் ஒருத்தி சைவம், அவளுக்கு முட்டையில்லாத தோசை, வேறு கல்லில் கேட்டு வாங்க வேண்டும்.

பிற்பகலில் திருமலை நாயக்கர் மஹால். 1636ல் கட்டியது. இப்போது நாம் பார்ப்பது மொத்த அரண்மனையில் கால் பங்குதான் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதைப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார். மிச்சம் இருந்ததைப் பழுது பார்த்தவர் 1866க்குப் பிறகு சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்றால் நாம் எறும்பு. பராமரிப்பு வேலை நடக்கும் சமயங்களில் சில பகுதிகளை மூடிவைப்பார்கள், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஆளுக்கொன்று, இதில் பங்கு கிடையாது. ராத்திரி பன் பரோட்டா. முடிந்தால் ஒரு டம்ளர் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ, சுக்கு, தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஈரோட்டில் பருத்தியை உடுத்துகிறோம், மதுரையில் குடிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், ஆனால் சிவகங்கை மாவட்டம். மியூசியம் திறந்தது 2023 மார்ச்சில். போன வருஷம் சித்தியோடு போனேன். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை போகும் பழமை என்று மாநிலத் தொல்லியல் துறை 2019ல் அறிக்கை வெளியிட்டது, செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். என்னை நிறுத்தியது அந்த வருஷக் கணக்கு இல்லை. நூல் நூற்கும் தக்களியின் மண் வில்லைகள். பாவு நூலைச் சரிசெய்ய உபயோகித்த எலும்புக் கூர்முனைகள். ஜவுளிக் கடைக்காரர் மகள் வேறு எதன் முன்னால் நிற்பாள்? பக்கத்தில் தாயக்கட்டை, சில்லுகள். வடமேற்கிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சூதுபவள மணிகள். பானை ஓட்டில் கீறியிருக்கும் 'ஆதன்' என்ற பெயர். பானை தன்னுடையது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் அம்மா பெயர் வெட்டியிருப்பது ஞாபகம் வந்தது. இங்கே அவசரப்படக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம்.

மதியம் திரும்பி வந்து சித்தி வீட்டில் சாப்பாடு. பிறகு தமுக்கத்தில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனை, 1959ல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. முந்தின நாள் மேலமாசி வீதியைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வரிசையை இப்படி வைத்தேன். அங்கிருந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். கோவை, ஈரோடு பக்கம் போகும் பஸ்கள் அங்கிருந்துதான். மாட்டுத்தாவணிக்குப் போய் நிற்காதீர்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு மியூசியத்துக்கு மேல் சேர்க்கவில்லை. கலைஞர் நூற்றாண்டு நூலகம், அழகர் கோயில், மாரியம்மன் தெப்பக்குளம் எல்லாம் பட்டியலில் இருந்து அடிபட்டன. ஒருத்தி சண்டை போட்டாள். பணத்துக்கு அடுத்த தட்டுப்பாடு கால். மூன்றாவது மியூசியத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, உட்கார இடம்தான் தேடுகிறோம்.

பிறகு நடந்தது

இந்தத் திட்டத்தைக் குழுவில் போட்டதும், "ஏன்டி ஆயிரம்? ஆயிரத்து ஐநூறுன்னா ஃப்ரீயா இருக்கலாமே" என்று ஒருத்தி கேட்டாள். "என்னால ஆயிரம்தான் முடியும்" என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன் இரண்டு முறை அழித்தேன். மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் காரணத்தைச் சொல்கிறேன். அவள் "ஓகே டி, ஆயிரமே" என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி இன்னொருத்தி தனியாக மெசேஜ் அனுப்பினாள். அந்த இரண்டு டூருக்கும் போனவள்தான். வாட்டர் பார்க்குக்கு வாங்கிய கடனை மூன்று மாதம் டியூஷன் எடுத்து அடைத்தாளாம். "இந்தத் தடவை நான் வரலைன்னு சொல்ல இருந்தேன். நீ தொகையை முதல்லயே போட்டுட்ட" என்றாள். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஒரே பிரச்சினை. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், இருவருக்கும் தெரியாது.

உங்கள் வகுப்பிலும் யாராவது டூர் பிளான் போட்டுக்கொண்டிருந்தால் அவரிடம் சொல்லுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன் எவ்வளவு கட்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. வருகிற தொகைகளில் எது குறைவோ அதுதான் டூரின் தொகை. அதிகம் வைத்திருப்பவர் மீதியில் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். கைவசம் வைத்த நூறு ரூபாய் மிஞ்சினால் இரண்டாவது ஜிகர்தண்டா என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டுள்ளது.

பி.கு: மதுரைக்காரர்கள் யாராவது இருந்தால், சாயங்காலம் நல்ல பருத்திப்பால் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். சித்தி ஒரு இடம் சொல்கிறாள், சித்தப்பா வேறு இடம் சொல்கிறார். வீட்டுக்குள் சண்டை நடக்கிறது.