வெள்ளத்து வாழையும் யாம் சுட்ட ரொட்டியும்

யாம் பிறந்து வளர்ந்தது திருச்செந்தூரை அடுத்த அமலிநகர். எந்தையார் கடல்மேற் செல்பவர். அவருக்குத் தரைமேல் உற்ற நண்பர் ஒருவர் உளர். ஆத்தூர்ப் பக்கத்தில் குத்தகை நிலத்தில், தாமிரபரணி நீரால் வாழை பயிரிடுபவர். யாம் அவரை மாமா என்றழைப்போம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் ஒரு வாழைத்தார் கொணர்வதும், கைம்மாறாக எந்தையார் சீலா மீன் கொண்டுபோய்க் கொடுப்பதும் யாம் சிறு பிராயந்தொட்டுக் கண்ட வழக்கம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த மழையை எம் பக்கத்தார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்திடையே தவித்தனர். அயலூராகிய புதுக்குடி மக்களே அவர்களுக்கு உணவளித்துக் காத்தனர். மாமாவின் வாழைகளோ ஒன்றுவிடாமற் சாய்ந்தன.

அவ்வாண்டு எம் வீட்டில் விழாப் பலகாரம் எதுவும் இல்லை. மாமாவும் வாரார் என்றே எண்ணியிருந்தோம். விழா கழிந்த மூன்றாம் நாள் அவர் வந்தார். கொணர்ந்ததோ ஒரு தாரன்று, மூன்று. “வாங்க ஆளில்லை. அழுகுமுன் நீங்களாவது தின்னுங்கள்” என்று திண்ணையில் வைத்துவிட்டு, நீரும் அருந்தாது சென்றார்.

மூன்று தார் நாட்டுப்பழமும் ஒருங்கே பழுத்தன. அண்டை வீடுகளுக்குக் கொடுத்தும் தீரவில்லை. தோல் கறுத்து மணம் வீதிவரை எட்டியது. யாம் அவற்றை ஆட்டுக்கு இடலாமென்றோம். எம் பாட்டியார், “எய்யா, அவன் ஓராண்டுப் பாட்டை ஆட்டுக்கா போடுவாய்?” என்றார். யாம் மறுமொழி கூறவில்லை.

பழத்தைப் பிசைந்து மாவிற் கூட்டிச் சுடும் ரொட்டியைப்பற்றி யாம் படித்திருந்தோம். அமெரிக்க நாட்டில் 1930களில் அது வீடுதோறும் பரவியதாம். புளிப்புக் காடி சேர்த்து மாவு பொங்க நாழிகைக் கணக்காய்க் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆப்பச் சோடா, பழத்திலுள்ள புளிப்போடு கலந்தவுடன் கரிவளியை எழுப்பி, மாவை உப்பச் செய்யும். பழம் கறுக்கக் கறுக்க அதன் மாப்பொருள் சர்க்கரையாய் மாறுதலின், எறிந்துவிடத்தக்க பழமே இதற்கு உகந்தது. இதனைக் கேட்ட பாட்டியார், “அப்படியானால் உன் படிப்பால் இன்று பயனுண்டு” என்றார்!

நிற்க. ரொட்டி சுடுதற்குரிய அடுப்பு எம் வீட்டில் இல்லை. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்றும், அதனைச் சுடும் அடுப்பைப் போறணை என்றும் வழங்குவர். இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்களினின்று பிறந்தவை. அப்போர்த்துக்கீசியர் எம் முத்துக்குளித்துறைக்கும் வந்தவரே. எமக்கு மதத்தைத் தந்தவர்கள் போறணையைத் தந்திலர் என்று யாம் நகைத்தோம், தாயார் நகைக்கவில்லை. பெரிய அண்டாவில் கடற்கரை மணலை நான்கு விரற்கிடை பரப்பி, அடியிற் பனைமட்டை எரித்து, மூடிமேல் சிரட்டைக் கங்குகளை இட்டார். அதுவே எம் போறணை.

முதல் ரொட்டி கெட்டது. குற்றம் எமதே. நன்கு உப்பட்டுமென்று சோடாவை 3 கரண்டி இட்டோம். மாவை நெடுநேரம் அடித்தோம். கரிய நிறத்தில், சவர்க்காரச் சுவையோடு, நடுவிற் களியாய் வந்தது. எம் தம்பி ஒரு வாய் உண்டு, கடற்கரைப்பக்கம் ஓடிவிட்டான்.

மறுநாள் பாட்டியார் அருகே அமர்ந்துகொண்டார். கறுத்த பழம் 4, உடன்குடிக் கருப்பட்டி 150 கிராம், சிறிது தேங்காயெண்ணெய், அரை எலுமிச்சையின் சாறு. நிவாரணப் பையில் வந்த கோதுமை மா 250 கிராம். சோடா 1 தேக்கரண்டி மட்டும். மா ஈரமாகியவுடன் கலக்குவதை நிறுத்தச் சொன்னார். மிகக் கிளறினால் மாவில் பசை இறுகி ரொட்டி கட்டியாகும் என்பது நூல்வழி யாம் அறிந்தது; அவர் கைவழி அறிந்தவர். ஒரு மணி நேரங் கழிந்து தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்தார். மாவு ஒட்டவில்லை. மேல் வெடித்து, உள்ளே ஈரம் மாறாமல், கருப்பட்டி மணத்தோடு இருந்தது.

சூட்டோடு ஒருவரும் தொடக்கூடாதென்று கட்டளை. வாழையிலையிற் பொதிந்து, எந்தையாரும் யாமும் ஆத்தூருக்குக் கொண்டு சென்றோம். வழியெல்லாம் வண்டல் படிந்த தோட்டங்கள். சாய்ந்த வாழைகளின் நாற்றம். மாமா வரப்பில் அமர்ந்திருந்தார். எந்தையார் பொதியை நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. அவர் ஒரு துண்டு பிட்டு வாயிலிட்டு நெடுநேரம் மென்றார். பின்பு ஆற்றை ஒட்டிய ஒரு மூலையைச் சுட்டி, “இது அந்தக் கீழப்பாத்திப் பழம், அங்கேதான் இந்த இனிப்பு வரும்” என்றார். எஞ்சியதை மீண்டும் இலையிற் பொதிந்து, தம் மகளுக்கென மடியில் வைத்துக்கொண்டு, கன்று எடுக்கத்தக்க கிழங்கு ஏதேனும் அழுகாமல் உளதோ என்று பார்க்க எங்களையும் உடனழைத்துச் சேற்றில் இறங்கினார்.